ஓடினால் குளிரும், நின்றால் சுடும்

என் காரின் ஏர்கோனில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். நான் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்த பஸ்ஸில் ஏர்கோனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சன்னலைத் திறந்தால் வருவதுதான் காற்று. அதனால் வேர்ப்பதையெல்லாம் நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. அவள்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காற்று வரும் துளைக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு நாள் சுங்கைப்பட்டாணிக்குள் நுழையும் சமிக்ஞை விளக்கில் கார் நின்றதும் சொன்னாள்.

“ஏங்க, ஓடும்போது ஜில்லுன்னு இருக்கு. நின்னா சுடுது.”

“வெயிலு அப்படி. காடி என்னா பண்ணும்?” என்றேன்.

“ஓடும்போதும் அதே வெயிலுதான இருக்கு?”

அவள் மடக்கும்போது வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

நாங்கள் புக்கிட் செலம்பாவில் இருக்கிறோம். இருந்தோம் என்று எழுத வேண்டும். இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்து நிலத்தை முதலாளிகள் விற்றுவிட்டபோது, தொழிலாளர் லைன் வீட்டை விட்டு வந்து தாமான் என்னும் குடியிருப்பில் வாங்கிய சின்ன வீடு. அங்கிருந்து வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, அவளைச் சுங்கைப்பட்டாணி டயாலிசிஸ் நிலையத்துக்குக் கிட்னி கழுவக் கூட்டிக்கொண்டு போவேன். இனிப்பு நீர், சர்க்கரை நோய்தான், முதலில் அவள் கால்விரலைத் தொட்டது, பிறகு கண்ணை, கடைசியில் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. விடியற்காலையில் கொண்டுபோய் விட்டால் நண்பகலில் வெளியே வருவாள். வரும்போது துவைத்துப் பிழிந்த துணி போல இருப்பாள். அந்த நேரத்து வெயிலில்தான் வீடு திரும்ப வேண்டும்.

கிட்னி கழுவுகிறவர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பசியை விடப் பெரிய எதிரி தாகம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும். காலில் தங்கும், முகத்தில் தங்கும், அளவு மீறினால் நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைக்கும். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் ஓர் அளவு சொல்லிவிடுவார். அவளுக்கு ஒரு சின்ன போத்தல். கைப்பிள்ளை மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். மூடியைத் திறந்து, நாக்கை நனைத்து, மூடிவிடுவாள். வாய் ரொம்பக் காய்ந்தால் ஓர் ஐஸ் கட்டி. அதற்கும் ஆகாவிட்டால் அசாம் என்னும் புளிப்புப் பழ வற்றல் ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொள்வாள்.

இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் வெயில் ஒரே மணி நேரத்தில் உடைத்துவிடும். அதனால்தான் ஏர்கோன் எங்களுக்கு ஒரு சொகுசுப் பொருள் அல்ல. மருந்துப் பட்டியலில் அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும் என்று அவளே ஒரு முறை கேலி செய்தாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அவள் காருக்குப் பூப்போடுவாள். பாசார் என்னும் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை. அங்கே சாமந்தியும் மல்லிகையும் கலந்த ஒரு சரம் வாங்கி, கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்து, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காரின் முன்கிரில்லில் குறுக்காகக் கட்டிவிடுவாள். அடுத்த வெள்ளி வரை அது அங்கேயே காய்ந்து கிடக்கும். அவிழ்க்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் புதுக்கார் வாங்கினால் பூப்போடாத வீடு கிடையாது, ஆயுத பூசைக்குப் போடாத வண்டி கிடையாது. ஆனால் வாராவாரம் போடுவது அவளுடைய சொந்தச் சட்டம். கிட்னி கழுவும் மிஷினில் படுக்க ஆரம்பித்த மாதத்தில் வேண்டிக்கொண்டாளாம். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

“காடிக்கு வாராவாரம் கல்யாணம்” என்று நான் கிண்டல் செய்வேன்.

“உங்களுக்கு ஒரு தடவ மாலை போட்டதே எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சி. காடியாவது சொன்ன பேச்சு கேக்குது” என்பாள்.

சரி, ஏர்கோனுக்கு வருகிறேன். அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்று நினைக்க வேண்டாம். வாங்கிக்கொண்டேன். மறுநாளே அவள் கட்டிலில் அயர்ந்திருந்த நேரம் பார்த்து டவுனில் ஒரு பட்டறைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் காற்றுத் துளையில் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கேஸ் இல்லை என்றார். எல்லாரும் சொல்வது இதைத்தான். ஏர்கோன் குளிரவில்லை என்றால் கேஸ் இல்லை; கேஸ் இல்லை என்றால் ஏற்று. கேஸ் எங்கே போனது, ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஏற்றினார். அங்கிருந்து கிளம்பியபோது மழை பிடித்துக்கொண்டது. கார் அப்படிக் குளிர்ந்தது. கையிலுள்ள மயிரெல்லாம் நிற்கிற மாதிரி ஒரு குளிர். வீட்டுக்கு வந்து, போருக்குப் போய் ஜெயித்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

அவள் சொன்னாள்: “மழயில எல்லா காடியும்தான் குளிரும்.”

எனக்குக் கோபம் வந்தது. எதைச் செய்தாலும் நொட்டை சொல்கிறாளே என்று. ஆனால் அவள் சொன்னதுதான் உண்மை. அடுத்த வியாழக்கிழமை நண்பகலில், நின்றால் மட்டும் சுட்ட கார், ஓடும்போதும் சுட ஆரம்பித்தது. கம்ப்ரெசர் டக் என்று பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் டக் என்று விட்டுவிடும். சன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து அடுப்பு வாய்க் காற்று. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சாலையோரம் சாய்ந்து கிடந்ததால் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை.

அவள் தன் போத்தலைத் தீர்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கதவுப் பையில் என்னுடைய பெரிய போத்தல் இருந்தது. அவள் கேட்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? கண் மேலே செருகுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. முழுதும் குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் முகத்தில் தெரிந்த சுகம் இருக்கிறதே, அதை நான் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ முறை பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த இடத்தில் பார்த்திருக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். நெஞ்சில் தண்ணீர் என்றார்கள், அவசரமாக மிஷினில் போட்டு இழுத்தார்கள். இளம் தாதி ஒருத்தி என்னிடம், “அங்கிள், ஆண்ட்டிக்கு இனிமே இப்படி ஆகக் கூடாது. ஹார்ட்டு தாங்காது” என்று மெதுவாகச் சொன்னாள். கார் சூடாக இருந்தது என்று நான் சொன்னேன். எனக்கே அது பொய்ச் சாக்குப் போலக் கேட்டது.

அவள் வீடு திரும்பி, உடம்பு கொஞ்சம் தேறியதும், எங்கள் தாமானுக்குப் பின்னால் வீட்டோடு கொட்டகை போட்டிருக்கும் ஒரு போமனிடம் போனேன். மெக்கானிக்கைத்தான் இங்கே போமன் என்போம். நாற்பது வயதுக்காரர், பேச்சு கொஞ்சம் அதிகம். அவளைத் தனியாக வீட்டில் விட பயமாக இருந்ததால் கூடவே அழைத்துப் போயிருந்தேன். இறங்க வேண்டாம், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திரு என்றேன்.

“என்னா பண்ணுதுண்ணே?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளேயிருந்து சொன்னாள். “ஓடுனா குளிருது, நின்னா சுடுது. மழ பெஞ்சா நல்லா இருக்கு. கேஸ் ஏத்துனப்புறம் இன்னும் மோசம்.”

போமன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அக்காவே பாதி வேலைய முடிச்சிட்டாங்க லா. நம்மகிட்ட எதுக்கு வந்தீங்க?”

பானட்டைத் தூக்கி, சிவப்பும் நீலமுமாக இரண்டு கடிகாரங்கள் தொங்கும் குழாய்களை மாட்டினார். ஒன்று அழுத்தம் கூடிய பக்கம், ஒன்று குறைந்த பக்கம். எஞ்சினை முடுக்கி ஏர்கோனைப் போட்டதும் சிவப்பு முள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஓர் அளவுக்கு மேல் போனதும் கம்ப்ரெசர் டக் என்று விட்டுவிட்டது. கேஸ் குறைவே இல்லை, தேவைக்கு மேல் திணித்து வைத்திருக்கிறார்கள் என்றார். ஆனால் அது மட்டும் காரணமில்லையாம். கேஸ் உள்ளே வாங்கிய சூட்டை வெளியே விட, காரின் முன்பக்கத்தில் ஒரு தட்டு இருக்கிறது, ரேடியேட்டர் மாதிரி. அந்தத் தட்டு சூட்டைக் கக்க முடியாமல் திணறுகிறது என்றார்.

சொல்லிவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை இழுத்து வந்து கிரில் வழியாக அந்தத் தட்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார். நீராவி புஸ்ஸென்று எழுந்தது. சிவப்பு முள் சரசரவென்று கீழே இறங்கியது. “கைய வச்சிப் பாருங்கக்கா” என்று கத்தினார்.

“ஜில்லுன்னு வருது” என்றாள் அவள்.

அதே நேரத்தில் போமனின் மனைவி ஒரு கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள். வீட்டு வாசலுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பார்களா? அவளும் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் டம்ளரைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெளியே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது, தரையெல்லாம் ஓடிக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

“காடிக்காவது வயிறார ஊத்துறாங்களே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்த இடத்தை விட்டு எங்காவது ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. போமனின் மனைவி விவரம் புரியாமல் நின்றாள். பிறகு புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் விட்டால் குளிர்கிறது, மழையில் குளிர்கிறது, ஓடும்போது எதிர்க்காற்றில் குளிர்கிறது. அப்படியென்றால் நிற்கும்போது காற்றடிக்க வேண்டிய விசிறி சுற்றவில்லை. போமன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கிரில்லைக் கழற்றினார். என் பழைய காரில் ஏர்கோன் விசிறி தட்டுக்கு முன்னால், கிரில்லுக்கு நேர் பின்னாலேயே இருக்கிறது. எஞ்சினுக்கு வேறு விசிறி. அதனால்தான் எஞ்சின் சூடேறவில்லை, எனக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் ஏர்கோன் விசிறியைக் கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு கத்தியால் எதையோ அறுத்து அறுத்து வெளியே இழுத்தார். அழுக்கேறிய நைலான் நூல். ஒரு கைப்பிடி அளவு. அதன் நடுவில் பொடிப்பொடியாகக் காய்ந்த சாமந்தி இதழ்கள்.

“அண்ணே, பாருங்க. பூ நூலு. சாமிக்குப் போட்டது போல இருக்கு. பூவு உதிந்ததும் நூலு தொங்கி, காத்துல உள்ள போய் அச்சுல சுத்திக்கிச்சி. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, பல நாளா சுத்தியிருக்கு. மோட்டார் கருகிப் போச்சி.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காரின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பானட் தூக்கியிருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்து எட்டிப் பார்த்தபோது, டம்ளர் கன்னத்தில் இருக்க, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“தம்பி, பூன்னு சொல்லாதீங்க” என்றேன் கிசுகிசுப்பாக. “மோட்டார் பழசு, அதான் கெட்டுப்போச்சின்னு சொல்லுங்க.”

அவர் வாயாடிதான். ஆனால் அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூலை என் கையில் வைத்தார். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அவளுடைய இடது கையில் ஊசி குத்துவதற்காக நரம்பை இணைத்திருந்தார்கள். முழங்கை வரை கயிறு கயிறாகப் புடைத்துக் கிடக்கும். அந்தக் கையால் வாளி தூக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது, மாவு பிசையக் கூடாது. தோட்டத்தில் விடிவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள் அவள். கை சும்மா இருந்தால் அவளுக்குப் பைத்தியம் பிடிக்கும். கடைசியில் அவளுக்கென்று மிஞ்சிய ஒரே வேலை, வெள்ளிக்கிழமை அந்தப் பூச்சரத்தைக் கட்டுவது. நீ வேண்டிக் கட்டிய பூதான் விசிறியை நிறுத்தியது, அதனால்தான் கார் சுட்டது, அதனால்தான் தண்ணீர் குடித்தாய், அதனால்தான் நெஞ்சில் ஏறியது என்று நான் சொல்வேனா? என் நாக்கு அழுகிவிடாதா?

போமன் பழைய கார் உடைக்கும் கடையிலிருந்து ஒரு விசிறி மோட்டாரைத் தேடிப் பிடித்து மாட்டினார், திணித்த கேஸை இறக்கி அளவாக வைத்தார். கார் நின்றாலும் குளிர்ந்தது. “மோட்டார் பழசுக்கா” என்று அவளிடம் நல்லபடியாகச் சொல்லியும் வைத்தார். அவள் “ம்” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மறுபடி பூச்சரத்தோடு வந்து கிரில்லில் கட்டினாள். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் அவளை ஏற்றி உட்கார வைத்து, காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, “கேட் சாத்திட்டு வரேன்” என்று இறங்கினேன். கேட்டைச் சாத்தினேன். திரும்பும்போது காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, குனிந்து டயரைப் பார்ப்பது போலப் பூச்சரத்தை அவிழ்த்துச் சட்டைக்குள் வைத்து, பின்னால் போய் சாமான் வைக்கும் பூட்டில் போட்டேன். வீடு திரும்பி அவளைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு வந்து, மறுபடி அதே இடத்தில், முடிச்சுப் போடாமல், விழாத மாதிரி செருகி வைத்தேன். கார் ஓடும்போது பூ இல்லை. நிற்கும்போது பூ உண்டு. இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. எதிர்வீட்டு மலாய்க்காரர் ஒரு நாள் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நான் சல்யூட் அடித்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

முதல் வாரங்களில் முடிச்சை அவிழ்ப்பதற்குள் எனக்கு உயிர் போகும். நைலான் நூல் இறுகிவிடும். என் விரல்கள் வேறு ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து மரத்துப் போனவை. நகத்தால் நெம்பிக்கொண்டிருப்பேன், உள்ளேயிருந்து “என்னாங்க பண்றீங்க, கேட்ட கட்றீங்களா?” என்று குரல் வரும். போகப் போக எனக்குக் கை பழகிவிட்டது. குனிந்தேன், இழுத்தேன், வந்தது என்று ஆகிவிட்டது. இந்த வயதிலும் ஒரு புது வேலையைக் கற்றுக்கொண்டோமே என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

அந்த மாதங்கள் நன்றாகவே போயின. கார் குளிர்ந்தது. அவள் போத்தலில் பாதி மிச்சம் வைத்துக்கொண்டே வீடு வருவாள், அதை என்னிடம் தூக்கிக் காட்டுவாள். சில நாள் வரும் வழியிலேயே தூங்கிவிடுவாள். தலை என் தோள் பக்கம் சரியும். தாதிகள் எடை பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். ஆனால் இதயம் ஏற்கெனவே களைத்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மிஷினில் படுத்திருக்கும்போதே அது நின்றுவிட்டது. நான் வெளியே காரை நிழலில் போட்டு, அவள் வந்து உட்காருவதற்காக ஏர்கோனைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்கள். கார் அவ்வளவு குளிர்ந்திருந்தது.

அந்தச் சூடான வியாழக்கிழமை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதைத்தான் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கருமாதி முடிந்து, அதற்காக வந்திருந்த எங்கள் மகளும் ஜோகூருக்குத் திரும்பிப் போன பிறகு, படத்துக்குப் போட ஒரு பூச்சரம் வாங்கலாம் என்று பாசார் பக்கம் போனேன். அவள் வாங்கும் அதே கடை. பூக்காரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்காமலேயே சாமந்தியும் மல்லிகையும் எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். வாழைநாரைத் தண்ணீரில் முக்கி எடுத்து, இரண்டு பக்கமும் வால் நீளமாக விட்டுக் கட்டினாள்.

“நைலான் இல்லியா?” என்று சும்மாதான் கேட்டேன்.

“அக்காவுக்கு நார்லதான கட்டுவேன் அண்ணே. போன வருசத்துல இருந்தே நைலான் வேணாம்னுட்டாங்க. காடி ஃபேன்ல மாட்டிக்கிச்சாம்ல?”

அவளே தொடர்ந்தாள்.

“போமன் சொன்னத காடிக்குள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம். பூன்னு சொல்லாதீங்கன்னு நீங்க சொன்னதயும் கேட்டுட்டாங்களாம். அப்புறம் நீங்க கேட் சாத்தப் போற சாக்குல பூவ அவுக்குறீங்களாமே? சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ‘பாவம்லா, அவரு வெரலு மடங்காது, நைலான் முடிச்ச நகத்தால நோண்டுறாரு. நார்ல கட்டிக் கொடு, சுருக்கு முடிச்சா போட்டு வைக்கிறேன், ஒரே இழுப்புல வந்துடும்’னு சொல்லுவாங்க.”

“தெரிஞ்சிக்கிட்டா பூவக் கட்டிக்கிட்டு இருந்தா?” என்று கேட்டேன்.

“நானும் அததான் கேட்டேன் அண்ணே. விட்டுட வேண்டியதுதானக்கான்னு. அதுக்கு அக்கா சொன்னாங்க, ‘நான் பூவக் கட்டலன்னா, மனசு விட்டுட்டேன்னு நெனச்சி அவரு ஒடஞ்சி போயிடுவாரு’ன்னு.”

பூச்சரத்தை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தேன். படத்துக்கென்று வாங்கியதை ஏனோ கிரில்லில் கட்ட வேண்டும் போல இருந்தது. குனிந்து, நாரை இரண்டு பக்கமும் சுற்றி, சுருக்கு முடிச்சுப் போட்டேன். சரியாகத்தான் போட்டேன் என்று நினைத்தேன். வாலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் இறுகிக்கொண்டது. நகத்தால் நெம்பிப் பிரித்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் இறுகியது. பாசாருக்கு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் புடைத்த கையை வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் வருகிற மாதிரி ஒரு முடிச்சை அவள் எத்தனை முறை போட்டுப் பார்த்துப் பழகியிருப்பாள்! நான் என் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.